பொருளடக்கத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய என்ன செய்யலாம்?

கேள்வி இது: "அண்ணாச்சி, நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தாமிரபரணியின் அணைக்கட்டுகள், கால்வாய்கள், குளங்கள் பற்றி ஒரு கையேடு தொகுத்திருக்கிறோம். சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயிகளுக்காக ஆரம்பித்தோம், இப்போது 170 பக்கம் வந்துவிட்டது. வேர்டில் பொருளடக்கம் தானாக வருகிறது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையே என்கிறார்கள். தலைப்பு, பக்க எண் தவிர வேறு ஏதாவது சேர்க்க முடியுமா? கையால் எழுதிச் சேர்த்தால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அழிந்துபோகிறது."

இப்போது இருக்கும் பொருளடக்கத்தையும் அனுப்பியிருந்தார். முன்னுரை, வரலாற்றுப் பின்னணி, நீர்ப்பாசன அமைப்பு, அணைக்கட்டுகள், குளங்கள், இன்றைய நிலை, பிரச்சினைகளும் தீர்வுகளும், முடிவுரை, பின்னிணைப்பு. எதிரே பக்க எண்கள்.

தம்பி, சேர்க்க முடியும். புதுப்பித்தாலும் அழியாத மாதிரியே சேர்க்கலாம், அதற்கான வழியைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அது கணினியில் செய்கிற வேலை இல்லை. நீங்கள் அனுப்பிய ஒன்பது தலைப்புகளையும் எடுத்து, பருத்தி விவசாயம் பற்றிய புத்தகத்திலோ கூட்டுறவு வங்கியின் ஆண்டு அறிக்கையிலோ வைத்தாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற தலைப்பு உங்கள் புத்தகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். இதை விட்டுவிட்டு அடியில் விளக்க வரி சேர்த்தால், விளக்கம் மட்டும் பேசும், தலைப்பு சும்மா நிற்கும்.

பாபநாசத்திலிருந்து வருகிற பஸ்ஸின் பலகையில் வெறும் 'திருநெல்வேலி' என்று போட்டிருந்தால் பாதிப் பேர் ஏறத் தயங்குவார்கள். 'வழி: அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி' என்று கீழே ஒரு வரி இருந்தால் கண்டக்டரிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பொருளடக்கத்திலும் அந்த 'வழி' வரிதான் உங்களுக்குக் குறைகிறது.

யார் எதைத் தேடி வருவார்கள்

தலைப்பைத் திருத்த உட்காரும்போது முதலில் எழுதிப் பார்க்க வேண்டியது, இந்தக் கையேட்டை யார் கையில் எடுப்பார்கள், என்ன கேள்வியோடு எடுப்பார்கள் என்பது. கடைமடையில், அதாவது கால்வாய் முடிகிற கோடியில் நிலம் வைத்திருக்கிறவர், தன் குளத்துக்கு எந்தக் கால்வாயிலிருந்து எந்த முறையில் தண்ணீர் வர வேண்டும் என்று பார்க்க வருவார். கல்லூரி மாணவி ஒருத்தி, கார், பிசானம் என்ற நம் பக்கத்து இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர்த் தேவை எப்படி மாறுகிறது என்று தேடுவாள். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிக்குப் பத்து நிமிடம்தான் நேரம் இருக்கும், எந்தப் பக்கத்தில் அட்டவணை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். வெளியூரில் வேலை பார்க்கிற உங்கள் ஊர்க்காரர், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எந்தக் குளங்கள் உடைந்தன என்று செல்போனில் பார்ப்பார்.

இந்த நாலு பேருமே உங்கள் பொருளடக்கத்தைப் பார்த்தால் எங்கே போவார்கள்? குளத்துத் தண்ணீர் 'நீர்ப்பாசன அமைப்பு' அத்தியாயத்திலா, 'குளங்கள்' அத்தியாயத்திலா? வெள்ளம் 'இன்றைய நிலை'யிலா, 'பிரச்சினைகளும் தீர்வுகளும்' பகுதியிலா? எழுதிய உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

உங்கள் புத்தகத்துக்கென்றே இருக்கிற ஒரு சிக்கலைச் சொல்கிறேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பிரிகிற கால்வாய்கள் பதினொன்று. பொதுப்பணித் துறைக் கோப்புகளைப் பார்த்து எழுதியதால் நீங்கள் 'அணைக்கட்டுகள்' பகுதிக்குள் அணைக்கட்டின் பெயரில் தலைப்பு வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பாளையங்கோட்டைக்காரரிடம் 'பழவூர் அணைக்கட்டுப் பாசனம்' என்று சொன்னால் யோசிப்பார், 'பாளையங்கால்வாய்' என்றால் சட்டென்று புரியும். அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து வருவதை மக்கள் கோடகன் கால்வாய் என்றுதான் அறிவார்கள். சுத்தமல்லி அணைக்கட்டு என்றால் தெரியாதவருக்கும், நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற நெல்லைக் கால்வாய் தெரியும். ஆகவே இரண்டு பெயரும் தலைப்பில் வர வேண்டும், மக்கள் சொல்கிற பெயர் முதலில் வர வேண்டும். 'பாளையங்கால்வாய் (பழவூர் அணைக்கட்டு)' என்று எழுதுங்கள். கண் மேலிருந்து கீழே ஓடும்போது வரியின் முதல் சொல்லைத்தான் பிடிக்கும்.

அதே மாதிரி, மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் நான்கும் பாய்கிற பகுதி பெரும்பாலும் இன்றைய தூத்துக்குடி மாவட்டம். 1986-ல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய ஆவணங்களை எடுத்தால் எல்லாம் திருநெல்வேலி என்றே இருக்கும். 'தூத்துக்குடி மாவட்டத்தில் பாயும் நான்கு கால்வாய்கள்' என்று ஒரு பகுதித் தலைப்பு வைத்துவிட்டால், அந்தப் பக்கத்து வாசகர் இது நமக்கான புத்தகம் இல்லை என்று மூடிவைக்க மாட்டார்.

'இன்றைய நிலை' என்பதை உடைத்து இரண்டாக்குங்கள். வெள்ளம் தனி அத்தியாயம் ஆகட்டும்: '1992, 2023 வெள்ளங்கள்: உடைந்த கரைகள், உடைந்த காரணம்'. மணல், ஆகாயத்தாமரை, சாக்கடை இதெல்லாம் இன்னொன்று. 'முன்னுரை' என்ற சொல்லை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பக்கத்தில் 'இந்தக் கையேட்டை எப்படிப் பயன்படுத்துவது' என்று சேர்த்தால் அதைப் படிப்பார்கள். 'பின்னிணைப்பு' என்று மட்டும் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் புத்தகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஊர்வாரியாகக் குளம், மடை, ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு), மறுகால் (குளம் நிரம்பி வழியும் தண்ணீர்) என்று நடந்து நடந்து சேகரித்த அட்டவணையை ஒரே ஒரு செத்த சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். 'ஊர்வாரிக் குள அட்டவணை: மடைகள், ஆயக்கட்டு, மறுகால் போகும் வழி' என்று எழுதுங்கள்.

எவ்வளவு நீளம் என்று கேட்பீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆறேழு சொல்லிலேயே வரி நிறைந்துவிடும். தலைப்பு ஒரு வரிக்குள் நிற்கட்டும், மீறினால் இரண்டாவது வரியில் பாதி. அதற்கு மேல் சொல்ல வேண்டியதெல்லாம் தலைப்புக்குக் கீழே வருகிற விளக்கத்துக்குப் போகட்டும்.

விளக்க வரியில் என்ன எழுதுவது

ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் கீழே இருபது, இருபத்தைந்து சொல்லில் ஒரு சிறு பத்தி. இது புதிதாக யாரும் கண்டுபிடித்தது இல்லை. மதராஸ் மாகாண மாவட்ட கெசட்டியர்களைப் புரட்டினால் அத்தியாயப் பெயருக்கு அடியில் அதில் வரும் விஷயங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு கோடு போட்டு அடுக்கியிருப்பார்கள். நம்மிடம் அதற்கும் வெகுகாலம் முன்பே இந்தப் பழக்கம் உண்டு. புறநானூற்றுப் பாடல்களுக்கு அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்பு இருக்கிறதே, பாடலுக்குள் போகாமலே அது யார், எதற்காகப் பாடியது என்று தெரிந்துவிடும். தொகுத்தவர்கள் பிற்காலத்து வாசகரை நினைத்துச் செய்த வேலை அது. நீங்களும் தொகுப்பாளர்கள்தானே.

எழுதும்போது 'இந்த அத்தியாயத்தில் பாசன முறைகள் பற்றி விரிவாக விவாதிக்கப்படுகிறது' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வரியிலிருந்து வாசகருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, தலைப்பில் இருந்ததே திரும்ப வருகிறது. உள்ளே இருக்கிற பொருளையே எடுத்து வையுங்கள். ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

பாளையங்கால்வாய் (பழவூர் அணைக்கட்டு) ........ 74
தலைமடை முதல் கடைமடை வரை பாயும் குளங்கள், ஊர் வரிசையில். காருக்கும் பிசானத்துக்கும் முறை வைக்கும் விதம். பாளையங்கோட்டை நகருக்குள் கால்வாய் கழிவுநீர் ஓடையாக மாறிய கதை. வரைபடம் உண்டு.

இதில் கடைசி இரண்டு சொல்லைக் கவனியுங்கள். 'வரைபடம் உண்டு', 'அட்டவணை உண்டு', 'பெரியவர்கள் சொன்னது' இப்படி அத்தியாயத்தில் என்ன வகையான சரக்கு இருக்கிறது என்று சொல்வது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அந்தப் பத்து நிமிட அதிகாரிக்கு அதுதான் முக்கியம். ஆய்வு மாணவிக்கோ 'பெரியவர்கள் சொன்னது' என்ற குறிப்பு ஓடிப்போய்ப் படிக்க வைக்கும்.

முடிவையும் சொல்லிவிடலாமா என்று ஒரு தயக்கம் எல்லாருக்கும் வரும். கையேட்டுக்கும் அறிக்கைக்கும் தாராளமாகச் சொல்லலாம். 'மறுகால் ஓடை அடைபட்ட இடங்களில்தான் கரை அதிகம் உடைந்தது' என்பது நீங்கள் களத்தில் பார்த்து வந்த முடிவு என்றால், அதைப் பொருளடக்கத்திலேயே எழுதுங்கள். 98-ஆம் பக்கம் வரை யாரும் வராமல் போனாலும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். கதை, நாவல் என்றால் வேறு, அங்கே மர்மம் வேண்டும்.

கோவில் கொடை மலர், பள்ளி ஆண்டு மலர், கட்டுரைத் தொகுப்பு மாதிரி பலர் எழுதிய நூல் என்றால் விளக்கத்தோடு எழுதியவர் பெயரும் வர வேண்டும். அதற்கும் கீழே சொல்கிற அதே வழிதான்.

வேர்டில் செய்கிற விதம்

அடிப்படை இது: பொருளடக்கத்துக்குள் நேரடியாக எதையும் எழுதக் கூடாது. வேர்டின் பொருளடக்கம் என்பது ஆவணத்துக்குள்ளிருந்து திரட்டி எடுக்கிற விஷயம். புதுப்பிக்கும்போது 'பக்க எண்களை மட்டும்', 'முழு அட்டவணையையும்' என்று இரண்டு வழி கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் கையால் எழுதியது எல்லாம் போய்விடும். முதலாவதை மட்டும் அழுத்திக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அப்போது உள்ளே திருத்திய தலைப்பு பொருளடக்கத்தில் பழையபடியே நிற்கும். அதனால் விளக்கத்தையும் ஆவணத்துக்குள் வைத்து, வேர்டையே திரட்டச் சொல்ல வேண்டும்.

முதலில் ஸ்டைல்ஸ் பகுதியில் ஒரு புது ஸ்டைல் உருவாக்குங்கள். பெயர் 'அத்தியாயச் சுருக்கம்' என்று இருக்கட்டும். அது பத்திக்கான ஸ்டைல், 'நார்மல்' அடிப்படையில் அமையட்டும். ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் (அது 'ஹெடிங் 1' ஸ்டைலில் இருக்க வேண்டும்) அடுத்த பத்தியாக அந்த இருபத்தைந்து சொல் விளக்கத்தை எழுதி, இந்த ஸ்டைலைக் கொடுங்கள். அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அது அழகாகவே இருக்கும், வாசகர் உள்ளே நுழையும்போதும் ஒரு முறை பார்த்துக்கொள்வார்.

அப்புறம் 'ரெஃபரன்ஸஸ்' தாவலில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்', அதில் 'கஸ்டம்' வகை. அந்தப் பெட்டியில் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்தினால் ஸ்டைல்களின் வரிசையும், எதிரே நிலை எண் போடும் கட்டங்களும் வரும். 'ஹெடிங் 1'-க்கு 1 ஏற்கெனவே இருக்கும். 'அத்தியாயச் சுருக்கம்' எதிரே 2 போடுங்கள். 'ஹெடிங் 2' எதிரே இருக்கிற 2-ஐ 3 ஆக்குங்கள், 'ஹெடிங் 3' எதிரே இருப்பதை எடுத்துவிடுங்கள். சரி கொடுத்தால் பொருளடக்கத்தில் தலைப்பு, கீழே விளக்கம், அதன் கீழே உட்தலைப்புகள் என்று வந்துவிடும்.

ஒரு குறை இருக்கும். விளக்கத்தின் கடைசியிலும் புள்ளிக்கோடு போட்டுப் பக்க எண் நிற்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அதை எடுக்கப் பெட்டிக்குள் வசதி இல்லை, கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். பொருளடக்கத்தின் மேல் வலது சொடுக்கு கொடுத்து 'டாகிள் ஃபீல்டு கோட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், நெளி அடைப்புக்குள் ஒரு வரிக் கட்டளை தெரியும். மூடுகிற அடைப்புக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு, பின்சாய்கோடு (\), அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய 'என்' (n) எழுத்து, மறுபடி இடைவெளி, பிறகு இரட்டை மேற்கோள் குறிக்குள் 2-2 என்று எழுதுங்கள். இரண்டாம் நிலைக்கு மட்டும் பக்க எண் வேண்டாம் என்பது அதன் பொருள். எஃப்9 அழுத்தி முழு அட்டவணையையும் புதுப்பித்தால் விளக்க வரிகளில் எண் மறைந்துவிடும். இனி எத்தனை முறை புதுப்பித்தாலும் இது நிலைத்திருக்கும். ஆனால் மறுபடி அந்த 'கஸ்டம்' பெட்டிக்குள் போய்ப் பொருளடக்கத்தைப் புதிதாக அமைத்தால் இந்தச் சேர்ப்பு போய்விடலாம், அதனால் அதைத் தனியாக ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கத்தின் தோற்றத்தை மாற்ற, பொருளடக்கத்தில் எழுத்தைத் தேர்ந்தெடுத்துச் சிறிதாக்காதீர்கள், அதுவும் புதுப்பிப்பில் அழியும். 'டிஓசி 2' என்று ஒரு ஸ்டைல் இருக்கும், அதைத் திருத்துங்கள். தலைப்பு 12 புள்ளி என்றால் விளக்கம் 10 போதும். நிறம் அடர் சாம்பல். ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துச் சாய்வெழுத்து போடத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது, மென்பொருள் நேர் எழுத்தையே இழுத்துச் சாய்க்கிறது. ணகரமும் றகரமும் சாய்ந்து நின்றால் வயதானவர்களுக்குப் படிக்கக் கஷ்டம்.

இன்னொன்று, நீளமான தமிழ்த் தலைப்பு பக்க எண் வரைக்கும் ஓடி, எண்ணோடு முட்டிக்கொண்டு அடுத்த வரிக்கு மடங்கும். 'டிஓசி 1', 'டிஓசி 3' இரண்டு ஸ்டைல்களிலும் வலப்பக்க உள்தள்ளலாக ஒன்றரை சென்டிமீட்டர் கொடுத்துவிட்டு, பக்க எண்ணுக்கான வலது 'டேப்' நிறுத்தத்தைப் பழைய இடத்திலேயே விடுங்கள். தலைப்பு எண்ணுக்கு முன்பே மடங்கிவிடும், எண் மட்டும் ஓரத்தில் தனியாக நிற்கும். மடங்குகிற வரி கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிக்கும்படி 'ஹேங்கிங்' உள்தள்ளலும் வையுங்கள். வரி இடைவெளி 1.15-க்குக் குறைய வேண்டாம், கொக்கியும் சுழியும் மேலும் கீழும் இடிக்கும்.

விளக்கம் பொருளடக்கத்தில் மட்டும் வேண்டும், அத்தியாயத்துக்குள் தெரியக் கூடாது என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. 'டிசி' என்ற மறைபுலத்தை அத்தியாயத்தின் முதல் பத்தித் தொடக்கத்தில் செருகி, அதற்குள் விளக்கத்தை எழுதி, 'ஆப்ஷன்ஸ்' பெட்டியில் 'டேபிள் என்ட்ரி ஃபீல்ட்ஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாலைந்து பேர் கைவைக்கிற ஆவணத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்தால் யாராவது அந்தப் பத்தியை வெட்டி ஒட்டும்போது சேர்ந்து போய்விடும், போனது தெரியவும் தெரியாது.

லிபர் ஆபீஸ் வைத்திருந்தால்

உங்களில் ஒருவர் லிபர் ஆபீஸ் ரைட்டரில் வேலை செய்வதாகச் சொன்னீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அது வேர்டைவிட எளிது. பொருளடக்கம் செருகும் பெட்டியில் 'டைப்' பக்கத்தில் 'அடிஷனல் ஸ்டைல்ஸ்' என்பதை டிக் செய்து, பக்கத்துப் பொத்தானை அழுத்தி, 'அத்தியாயச் சுருக்கம்' ஸ்டைலை இரண்டாம் நிலைக்கு நகர்த்துங்கள். இதனால் உட்தலைப்புகளும் அதே இரண்டாம் நிலையில் வந்து கலந்துவிடும் என்பதால், உட்தலைப்புகளுக்கு 'ஹெடிங் 3' கொடுத்துவிடுவது நல்லது. 'என்ட்ரீஸ்' பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு நிலைக்கும் வரி எப்படி அமைய வேண்டும் என்று சிறு கட்டங்களாகக் காட்டும். இரண்டாம் நிலையைத் தேர்ந்தெடுத்து, பக்க எண்ணுக்கான கட்டத்தையும் 'டேப்' கட்டத்தையும் அழித்துவிட்டால் முடிந்தது. கட்டளை எதுவும் எழுத வேண்டாம்.

அச்சகத்தில் இன்டிசைனுக்கு மாற்றுவார்கள் என்றால் கவலை இல்லை. அங்கேயும் பொருளடக்கப் பெட்டியில் எந்தப் பத்தி ஸ்டைலையும் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் 'பக்க எண் வேண்டாம்' என்று தனித்தனியாகச் சொல்லலாம். நீங்கள் ஸ்டைல் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அவர்கள் வேலை சுலபம். கூகுள் டாக்ஸில் மட்டும் இந்த வசதி கிடையாது, தலைப்புகளை மட்டும்தான் திரட்டும்.

சுருக்கமான ஒன்று, விரிவான ஒன்று

விளக்கம் சேர்த்ததும் உங்கள் பொருளடக்கம் மூன்று, நாலு பக்கம் ஆகிவிடும். அப்போது ஒரே பார்வையில் முழுப் புத்தகத்தையும் பார்க்கிற வசதி போய்விடுகிறது. ஆகவே முதலில் அத்தியாயத் தலைப்புகள் மட்டும் உள்ள ஒரு பக்கம், அடுத்து விளக்கங்களும் உட்தலைப்புகளும் உள்ள விரிவான பொருளடக்கம் என்று இரண்டு வையுங்கள். வேர்டில் இரண்டாவதைச் செருகும்போது பழையதை மாற்றவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். சுருக்கமானதில் ஒரே ஒரு நிலை மட்டும் காட்டச் சொன்னால் போதும். ஐம்பது பக்கக் கையேட்டுக்கு இது தேவையே இல்லை. 170 பக்கத்துக்கு அவசியம்.

விரிவானதில் உட்தலைப்புகள் எல்லாவற்றையும் காட்டலாமா? உங்கள் கால்வாய் அத்தியாயங்கள் ஒவ்வொன்றிலும் 'அமைவிடம்', 'வரலாறு', 'பாசனப் பரப்பு', 'குறைகள்' என்று அதே நாலு உட்தலைப்புகள் வருகின்றன. பதினொரு கால்வாய்க்கும் திரும்பத் திரும்ப நாற்பத்து நாலு வரி. யாருக்கும் பயனில்லை, எடுத்துவிடுங்கள். 'ஒவ்வொரு கால்வாய் அத்தியாயமும் அமைவிடம், வரலாறு, பாசனப் பரப்பு, குறைகள் என்ற வரிசையில் அமைந்திருக்கிறது' என்று பகுதித் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு முறை சொன்னால் போதும். வெள்ள அத்தியாயத்தின் உட்தலைப்புகள் வேறு வேறாக இருப்பதால் அவை மட்டும் வரட்டும். எல்லா அத்தியாயத்துக்கும் ஒரே அளவு இடம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பொருளடக்கத்தின் மேல் சுமத்தக் கூடாத வேலை ஒன்றும் இருக்கிறது. தன் ஊர்ப் பெயரைத் தேடி வருகிறவருக்குப் பொருளடக்கம் உதவாது, அவருக்குப் புத்தகக் கடைசியில் அகர வரிசையில் ஊர், குளப் பெயரடைவு வேண்டும். 'கோபாலசமுத்திரம் 41, 77, 133' என்கிற மாதிரி. அதைச் செய்யாமல் எல்லா ஊர்ப் பெயரையும் விளக்கத்துக்குள் திணித்தால் விளக்கம் கெடும். அதோடு, உங்களிடம் இருக்கிற வரைபடங்களுக்கும் அட்டவணைகளுக்கும் தனித்தனிப் பட்டியல் கொடுங்கள். படத்துக்குக் கீழே 'இன்சர்ட் கேப்ஷன்' வழியாகப் பெயர் கொடுத்திருந்தால், 'வரைபடம்' என்று புது வகைப் பெயரும் உருவாக்கிக்கொள்ளலாம், வேர்டு தானே திரட்டித் தரும். அதிலும் 'வரைபடம் 4: கன்னடியன் கால்வாய்' என்று நிறுத்தாமல் 'கன்னடியன் கால்வாய், மடைகளும் குளங்களும்' என்று எழுதுங்கள்.

செல்போனில் படிக்கிறவர்களுக்காக

அச்சில் ஐந்நூறு பிரதி போடுவதாகச் சொன்னீர்கள். அதைவிட அதிகம் பேர் வாட்ஸ்அப்பில் வருகிற பிடிஎஃப் கோப்பைத்தான் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பொருளடக்கத்தின் ஒவ்வொரு வரியும் தொட்டால் அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். வேர்டில் கோப்பை 'சேவ் அஸ்' மூலம் பிடிஎஃப் ஆக்கினால் இணைப்புகள் வரும், 'பிரிண்ட்' மூலம் ஆக்கினால் பெரும்பாலும் போய்விடும். சேமிக்கும் பெட்டியின் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், தலைப்புகளைக் கொண்டு புக்மார்க் உருவாக்கும் வசதியையும் டிக் செய்யுங்கள். ஓரத்தில் திறந்து பார்க்கிற பட்டியலாக அது வரும்.

இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கிற ஒரு சங்கடம் வரும். தட்டச்சு செய்து கொடுத்தவர் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், தாளில் தமிழ் சரியாகத் தெரியும், ஆனால் புக்மார்க் பட்டியலில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வரும். தேடவும் முடியாது, பார்வையற்றவர்களுக்கான திரை வாசிப்பு மென்பொருளும் படிக்காது. உங்கள் கையேட்டில் பழைய சங்க மலரிலிருந்து எடுத்த இரண்டு அத்தியாயங்கள் அப்படித்தான் இருக்கின்றன, அனுப்பிய கோப்பில் பார்த்தேன். முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை வரிக்கு வரி பிழை பார்த்துவிடுங்கள். மாற்றி மென்பொருள்கள் ஒற்றெழுத்திலும் கொம்பிலும் சில நேரம் தவறு செய்யும்.

பக்க எண்ணும் ஒத்துப்போக வேண்டும். முன்பக்கங்களுக்கு ரோமன் எண் போட்டு, முதல் அத்தியாயத்தில் 1 என்று ஆரம்பித்தால், பொருளடக்கத்தில் 74 என்று இருப்பது செல்போனில் 86-ஆவது பக்கமாக இருக்கும். அச்சுப் புத்தகத்தில் அது மரபு, இருக்கட்டும். ஆனால் பிடிஎஃப் மட்டும் பார்க்கிறவர் 74 என்று அடித்துத் தேடி வேறெங்கோ போய் நிற்பார். உங்கள் மாதிரிக் கையேட்டுக்கு அட்டையிலிருந்தே 1, 2 என்று எண்ணிவிடலாம் என்பது என் யோசனை. அட்டையிலும் தலைப்புப் பக்கத்திலும் எண்ணை அச்சிடாமல் விட்டால் போதும்.

இவ்வளவும் முடிந்ததும், பொருளடக்கத்தை மட்டும் தனியாக அச்செடுத்து, இந்த வேலையில் சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். குளத்து மடை திறக்கிறவர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர். 'பிசானத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று எந்தப் பக்கத்தில் இருக்கும்?', 'எந்தக் குளத்துக் கரை உடைந்தது என்று எங்கே பார்ப்பீர்கள்?' என்று கேளுங்கள். அவர்கள் விரல் வைக்கிற இடமும் நீங்கள் எழுதி வைத்த இடமும் வேறு வேறாக இருந்தால், அவர்களுக்கு விளக்கிச் சொல்லாதீர்கள், தலைப்பை மாற்றுங்கள். திருத்திய பொருளடக்கத்தை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். கால்வாய் அத்தியாயங்களின் விளக்கங்களை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.